விமான எரிபொருள் டேங்குக்குள் நைட்ரஜன் எதற்கு?

நிரம்பிய எரிபொருள் டேங்கைவிட, அடியில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் தங்கியிருக்கும் டேங்கைப் பார்த்துத்தான் விமானப் பொறியாளர்கள் அதிகம் பயப்படுவார்கள். திரவ எரிபொருள் அப்படியே எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு தகுந்த அளவில் கலந்தால்தான் தீப்பற்றும். டேங்க் நிரம்பியிருந்தால் அந்த ஆவி சேர இடமே இருக்காது. எண்ணெய் குறையக் குறைய, அதற்கு மேலே உள்ள காலியிடம் பெரிதாகும். அதில் காற்றும் ஆவியும் நிறையும். அந்தக் கலவை மூடிய பெட்டிக்குள் பற்றிக்கொண்டால் அழுத்தம் நொடிக்குள் பல மடங்கு ஏறி, டேங்கின் சுவரே பிளந்துவிடும்.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் கிளம்பிய, டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 800 எண் விமானத்துக்கு நடந்தது இதுதான். அது ஒரு போயிங் 747. தரையை விட்டு 12 நிமிடம் போல ஆனபோது, லாங் ஐலண்ட் கரைக்கு அப்பால், 14,000 அடியை நெருங்கும் உயரத்தில் அதன் நடு டேங்க் வெடித்தது. விமானத்தில் இருந்த 230 பேரும் இறந்தார்கள். அந்த டேங்கில் 48,800 லிட்டர் பிடிக்கும். அன்றைக்கு அதில் இருந்தது 190 லிட்டர் மட்டுமே. பாரிஸ் போய்ச் சேர இறக்கை டேங்குகளில் இருந்த எரிபொருளே போதும் என்பதால் நடு டேங்கை நிரப்பவில்லை. வழக்கமான ஏற்பாடுதான், யாரும் அதில் தவறு செய்யவில்லை.

நடு டேங்க் ஏன் சூடாகிறது

747 போன்ற பல விமானங்களில் கேபினைக் குளிரூட்டும் ஏசி இயந்திரங்கள் நடு டேங்குக்கு நேர் கீழேயே இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது வெளிவிடும் வெப்பம் மேலே இருக்கும் டேங்கின் அடித்தகட்டைச் சுட வைக்கும். டேங்கில் எண்ணெய் நிறைய இருந்தால் அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சூடு அவ்வளவாக ஏறாது. 190 லிட்டர் எண்ணெய் அந்தப் பெரிய தரையில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடந்தால் சீக்கிரம் சூடாகி ஆவியாகும். அந்த 747, கிளம்புவதற்கு முன் ஏசி ஓடியபடி இரண்டரை மணி நேரம் போல விமான நிலையத்தில் நின்றிருந்தது.

இறக்கை டேங்க் அப்படியல்ல. அலுமினிய இறக்கை மேலும் கீழும் காற்றில் நனைந்தபடி பறக்கிறது. மேலே வெளிக்காற்று பூஜ்யத்துக்கு 50 டிகிரி கீழே இருக்கும். டேங்க் தானாகவே குளிர்ந்துவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் கணக்கில், சூடாகாத இறக்கை டேங்க் மொத்த இயக்க நேரத்தில் 2 முதல் 5 சதவீதம்தான் தீப்பற்றக்கூடிய நிலையில் இருக்கும். கீழே ஏசி உள்ள நடு டேங்குக்கு அது 12 முதல் 24 சதவீதம் வரை போகிறது.

இதில் உயரமும் சேர்ந்து விளையாடுகிறது. விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ, ஜெட் ஏ-1 இரண்டும் மண்ணெண்ணெய் வகை. இவற்றின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் சூடு, குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. சராசரியாக வருவது 49 டிகிரி அளவு. டேங்குக்குள் தீ பரவ அதைவிட ஐந்தரை டிகிரி குறைவாக இருந்தாலே போதும், அதாவது தரைமட்டத்தில் 43 டிகிரி. மேலே ஏறினால் காற்றழுத்தம் குறைவதால் எண்ணெய் இன்னும் சுலபமாக ஆவியாகும். ஒவ்வொரு 1,450 அடிக்கும் இந்த எல்லை ஒரு டிகிரி போல இறங்கும். 14,000 அடியில் அது 34 டிகிரி ஆகிவிடும். விபத்துக்குப் பிறகு, 1997இல், இன்னொரு 747ஐ அதே நிலைமையில் பறக்கவிட்டு அளந்தார்கள். அந்த உயரத்தில் நடு டேங்குக்குள் 38 முதல் 53 டிகிரி வரை காட்டியது. எல்லையைத் தாராளமாகவே தாண்டிய சூடு.

ஆவியும் காற்றும் தயாராக இருந்தால், மிச்சம் வேண்டியது பொறி. அதற்கான ஆற்றல் 0.2 மில்லிஜூல் அளவு இருந்தாலே போதும். 20 மில்லிகிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் சக்தி அது. டி.டபிள்யூ.ஏ. 800 விபத்தில் பொறி எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டேங்குக்கு வெளியே நடந்த மின்குறுக்கு, எரிபொருள் அளவுமானியின் வயர் வழியாக உள்ளே அதிக மின்னழுத்தத்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதே மிகவும் சாத்தியமான காரணம் என்று 2000 ஆகஸ்டில் விசாரணை முடிவு சொன்னது.

இது தனித்த விபத்தும் இல்லை. 1963இல் மேரிலாந்தில் பான் ஆம் 707 ஒன்றின் டேங்க் மின்னல் தாக்கி வெடித்து 81 பேர் இறந்தார்கள். 1990 மே மாதம் மணிலாவில் பிலிப்பைன் ஏர்லைன்சின் 737, வாயிலிலிருந்து பின்னால் தள்ளப்படும்போதே நடு டேங்க் வெடித்து 8 பேரைக் கொன்றது. 2001 மார்ச்சில் பாங்காக்கில் தாய் ஏர்வேஸ் 737 நின்ற இடத்திலேயே வெடித்தது. அதன் காலியான நடு டேங்கில் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. 2006 மே மாதம் நம் பெங்களூரிலேயே ஒரு சரக்கு 727இன் இறக்கை டேங்க், டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும்போது வெடித்தது. பம்புக்குப் போகும் வயரின் உறை தேய்ந்து, அது ஓடும் அலுமினியக் குழாயில் பொறி தட்டியிருந்தது. இவற்றில் பல வெப்ப நாடுகளில், தரையில், ஏசி ஓடும்போது நடந்தவை என்பதைக் கவனியுங்கள்.

12 சதவீதம் என்ற எண்

தீக்கு வேண்டிய மூன்றில் எதை எடுப்பது? எரிபொருளை எடுக்க முடியாது. பொறியை எடுக்கத்தான் விமானத் துறை பல பத்தாண்டுகளாக முயன்றது: வயர்களைத் தள்ளி ஓட்டுவது, உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று மின்னிணைப்பில் வைப்பது, பம்பில் எண்ணெய் வற்றினால் தானாக அணைப்பது. 2001இல் எஃப்.ஏ.ஏ. இதையெல்லாம் இன்னும் கடுமையாக்கி விதி போட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான விமானங்களில், இருபது முப்பது வருடம் பழசான வயரில், பொறியே வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆகவே மூன்றாவதான ஆக்சிஜனைக் குறைப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜன் எரியாது, எரியவும் உதவாது. டேங்கின் காலியிடத்தில் அதன் பங்கைக் கூட்டினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு பொறி விழுந்தாலும் தீ பரவாது. பற்றிய இடத்திலேயே அணைந்துவிடும். இந்தக் கட்டம் எங்கே வருகிறது என்பதில்தான் பயணிகள் விமானத்தின் கதையே திரும்பியது.

ராணுவம் ஆக்சிஜனுக்கு 9 சதவீதம் என்று எல்லை வைத்திருந்தது. டேங்கைத் துளைத்துக்கொண்டு எரிகுண்டு உள்ளே வரும், அதன் ஆற்றல் அதிகம், அதனால் கண்டிப்பான அளவு. அந்த எண்ணைப் பயணிகள் விமானத்துக்கும் போட்டுக் கணக்கிட்டபோது சாதனம் கனமாக, சிக்கலாக, விலை கூடியதாக வந்தது. டி.டபிள்யூ.ஏ. 800க்குப் பிறகு 1998இலும் 2001இலும் துறை சார்ந்த குழுக்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நைட்ரஜன் ஏற்பாடு கட்டுப்படியாகாது என்றே சொன்னன. பிறகு அட்லாண்டிக் சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. ஆய்வு மையம், பயணிகள் விமானத்தில் வரக்கூடிய சாதாரண மின்பொறியை வைத்துச் சோதித்தது. தரைமட்டத்திலிருந்து 10,000 அடி வரை 12 சதவீதம் இருந்தாலே தீ பரவவில்லை. மேலே போகப்போக அந்த எல்லை தளர்ந்து, 40,000 அடியில் 14.5 சதவீதம் வரை போனது. மூன்று சதவீத வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் சாதனத்தின் எடையிலும் அது கேட்கும் காற்றின் அளவிலும் அந்த மூன்று சதவீதம் பெரிய இறக்கத்தைக் கொடுத்தது. அந்த மையமே எளிய மாதிரிக் கருவி ஒன்றைக் கட்டி, 2003இல் ஏர்பஸ் ஏ320 ஒன்றிலும், விண்வெளி ஓடத்தை முதுகில் சுமக்கும் நாசாவின் 747இலும் பறக்கவிட்டுக் காட்டியது. முடியாது என்ற பேச்சு அதோடு அடங்கியது.

2008 ஜூலையில் விதி வெளிவந்தது. சூடாகும் டேங்குக்கு, அந்த ரக விமானங்கள் அனைத்தின் சராசரியில் 3 சதவீத நேரத்துக்கு மேல் தீப்பற்றும் நிலை இருக்கக் கூடாது. அதோடு நிற்காமல், 27 டிகிரிக்கு மேலான வெப்ப நாட்களில் தரையில் நிற்கும் நேரத்தையும் மேலேறும் நேரத்தையும் தனியாகக் கணக்கிட்டு, அங்கேயும் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. சராசரி என்ற பெயரில் வெப்ப ஊர்களின் ஆபத்தைக் குளிர் ஊர்களின் கணக்கில் கரைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. சென்னையில் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் இந்த 27 டிகிரிக்கு மேலான கணக்கில் சிக்கிவிடும். அமெரிக்க விமான நிறுவனங்களின் பழைய பயணிகள் விமானங்களிலும் 2017 முடிவுக்குள் இதைப் பொருத்த வேண்டியிருந்தது. நிற்கும்போது விமானத்தின் சொந்த ஏசியை ஓட்டாமல் விமான நிலையத்தின் குளிர்காற்றை வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்தது. டேங்கைச் சூடாக்குவது எது என்று புரிந்தவர்களுக்கு அந்தச் சலுகையின் நியாயமும் புரியும்.

நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது

சிலிண்டரில் எடுத்துப் போவதில்லை. ராணுவச் சரக்கு விமானமான சி-5இல் திரவ நைட்ரஜன் கொண்டுபோனார்கள், எஸ்.ஆர்.-71 வேவு விமானத்திலும் அதே முறைதான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் திரவ நைட்ரஜன் நிரப்பிக்கொண்டு பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது. எனவே பறக்கும்போதே காற்றிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள்.

என்ஜினின் அமுக்கப் பகுதியிலிருந்து கொஞ்சம் சூடான, அழுத்தமான காற்றை எடுத்துத்தான் கேபினுக்கு அனுப்புகிறார்கள். அதே குழாயிலிருந்து நைட்ரஜன் சாதனத்துக்கும் ஒரு கிளை பிரியும். வரும் காற்று 200 டிகிரி சூடு போல இருக்கும். முதலில் ஓசோனை உடைக்கும் கருவி. அடுத்து வெளிக்காற்றால் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றி. அதில் 70 முதல் 90 டிகிரிக்குள் கொண்டுவருவார்கள். பிறகு எண்ணெய்த் துளியையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டி. கடைசியாகப் பிரிப்பான் உருளை வருகிறது.

அந்த உருளைக்குள் தலைமுடி போன்ற பிளாஸ்டிக் இழைகள் லட்சக்கணக்கில், சேமியாக் கட்டைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழையும் நடுவில் துளையுள்ள குழல். அழுத்தமான காற்று ஒரு முனையில் நுழைந்து குழலுக்குள் ஓடும்போது, ஆக்சிஜன், நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை இழையின் சுவர் வழியாக வேகமாகக் கசிந்து வெளியேறும். நைட்ரஜன் மெதுவாகவே கசியும். அதனால் அதில் பெரும்பங்கு மறுமுனை வரை போய்ச் சேரும். மறுமுனையில் கிடைப்பது நைட்ரஜன் செறிந்த காற்று; அது டேங்குக்குப் போகிறது. சுவர் வழியே கசிந்த ஆக்சிஜன் மிகுந்த காற்றை விமானத்துக்கு வெளியே விட்டுவிடுவார்கள். நகரும் பாகம் ஏதும் இல்லை, ரசாயனமும் இல்லை.

இங்கே ஒரு பேரம் எப்போதும் இருக்கிறது. காற்று மெதுவாக ஓடினால் ஆக்சிஜன் கசிய நேரம் கிடைக்கும். கிடைப்பது சுத்தமாக இருக்கும், ஆனால் கொஞ்சமாக இருக்கும். வேகமாக ஓட்டினால் நிறையக் கிடைக்கும், ஆனால் அதில் ஆக்சிஜனும் கூடும். சூடும் அப்படித்தான்: மிதமான சூட்டில் இழை நன்றாக வேலை செய்யும், அதிகமானால் இழையும் அதை முனையில் பிடித்திருக்கும் பிசினும் கெட்டுவிடும். அதனால்தான் வெப்பநிலை சென்சாரும் சூடு மீறினால் மூடும் வால்வும் கட்டாயம்.

எவ்வளவு நைட்ரஜன் வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். டேங்கின் காலியிடத்தில் முதலில் 20.9 சதவீத ஆக்சிஜன். உள்ளே விடுவதில் 5 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே வருவது உடனுக்குடன் நன்றாகக் கலந்து, அதே அளவு, டேங்கை வெளிக்காற்றோடு இணைக்கும் காற்றுக்குழாய் வழியாக வெளியேறினால், 12 சதவீதத்துக்கு இறங்கக் காலியிடத்தின் அளவில் 0.82 மடங்கு போதும். 9 சதவீதம் வேண்டுமானால் 1.38 மடங்கு. போயிங் 737-800இன் நடு டேங்கில் சுமார் 16,300 லிட்டர் பிடிக்கும்; அது முழுக்கக் காலி என்றால் 12 சதவீதத்துக்கு 13.4 கனமீட்டர் தேவைப்படும், 9 சதவீதத்துக்கு 22.5 கனமீட்டர். பழைய ராணுவ எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் சாதனம் ஏன் பெருத்துப் போயிருக்கும் என்பது இதிலேயே தெரியும். உள்ளே விடும் காற்றிலேயே 10 சதவீத ஆக்சிஜன் இருந்தால் 12க்கு வர 1.70 மடங்கு ஆகும். சுத்தம் குறைந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் கலப்பு அவ்வளவு ஒழுங்காக நடக்காது. பெரிய நடு டேங்குகளின் உட்புறம் இறக்கைச் சட்டங்களால் பல அறைகளாகப் பிரிந்திருக்கும். நைட்ரஜனை ஒரே இடத்தில் விட்டால் அருகில் உள்ள அறையில் ஆக்சிஜன் சீக்கிரம் குறையும், தொலைவில் உள்ளதில் தாமதிக்கும். காற்றுக்குழாய்க்குப் பக்கத்தில் விட்டால் புதிதாக வந்த நைட்ரஜனே உடனே வெளியே ஓடிவிடும். குழாய்க்குத் தள்ளி, கடைசி அறையில் விடுவதே வழக்கம். இன்னொரு தொல்லையும் உண்டு: இரண்டு இறக்கை நுனிகளிலும் காற்றுக்குழாய் திறந்திருக்கும் விமானங்களில், பறக்கும்போது இரு பக்க அழுத்தமும் கொஞ்சம் வேறுபட்டால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் காற்றோட்டம் உண்டாகும். ஊற்றிய நைட்ரஜன் அத்தனையும் அதில் போய்விடும். சோதனை 747இல் ஒரு பக்கத்துக் குழாயை அடைத்தே இதைத் தீர்த்தார்கள்.

இறங்கும்போதுதான் சோதனை

மேலேறும்போது வேலை சுலபம். வெளி அழுத்தம் குறைவதால் டேங்கில் உள்ள வாயு தானாகவே வெளியேறும். நைட்ரஜனைக் கொஞ்சமாக விட்டாலே போதும். இந்த நேரத்தில் ஒரே தொந்தரவு, எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று. சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைப்பது போல அழுத்தம் இறங்கினால் அது வெளியே வரும். நைட்ரஜனைவிட ஆக்சிஜன்தான் எண்ணெயில் அதிகம் கரையும் என்பதால், வெளிவரும் வாயுவில் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நடு டேங்கில் எண்ணெய் நிறைய இருந்தால் இது உறைக்கும். சில ராணுவ விமானங்களில் நைட்ரஜனை எண்ணெய்க்குள்ளேயே குமிழாக விட்டுக் கரைந்த ஆக்சிஜனைத் துரத்துவது இதற்காகத்தான்.

இறங்கும்போது கதை தலைகீழ். 40,000 அடியில் காற்றழுத்தம் 18.8 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101.3. அதாவது மேலே டேங்கில் இருந்த வாயு, கீழே வந்து சேரும்போது மொத்தத்தில் 18.5 சதவீதம்தான். மிச்சம் 81.5 சதவீதம் இறங்கும் இருபது முப்பது நிமிடத்துக்குள் வெளியிலிருந்து காற்றுக்குழாய் வழியாக உள்ளே வரும். மேலே 5 சதவீத ஆக்சிஜன் என்ற அருமையான நிலையில் இருந்தாலும், இறங்கும்போது நைட்ரஜனே விடாமல் இருந்தால், தரையில் டேங்குக்குள் 18 சதவீத ஆக்சிஜன் வந்துவிடும். மணிக்கணக்கில் செய்த வேலை அரை மணியில் போய்விடும்.

ஆகவே இறங்கத் தொடங்கியதும் சாதனம் குறைந்த ஓட்டத்திலிருந்து அதிக ஓட்டத்துக்கு மாறும். சுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, வெளிக்காற்று நுழையும் இடத்தை நைட்ரஜன் பிடித்துக்கொள்ள வேண்டும். சிக்கல் என்னவென்றால், விமானம் இறங்கும்போது என்ஜின்கள் மெதுவாக ஓடும். அவற்றிலிருந்து வரும் காற்றின் அழுத்தமும் அப்போதுதான் குறைவாக இருக்கும். தேவை உச்சத்தில் இருக்கும் நேரம் வரத்து அடியில் இருக்கிறது. பிரிப்பான் உருளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இந்த இருபது நிமிடம்தான் தீர்மானிக்கிறது. மற்ற பத்து மணி நேரப் பயணத்துக்கு அதில் பாதி இருந்தாலே போதும்.

தரையில் நின்ற பிறகு பெரிதாகக் கவலையில்லை. என்ஜினை அணைத்தாலும் டேங்கில் உள்ள நைட்ரஜன் மணிக்கணக்கில் தங்கும். குழாய் வழியாகக் காற்று மெல்லவே ஊடுருவும். எண்ணெய் நிரப்பும்போது காலியிடத்து வாயு வெளியே தள்ளப்படுமே தவிர, காற்று உள்ளே வராது.

கெட்டுப்போவது எங்கே

இழைகளுக்கு எதிரிகள் என்ஜின் எண்ணெய் ஆவி, ஹைட்ராலிக் திரவம், ஓசோன், அதிக வெப்பம். ஓசோனை உடைக்கும் கருவியின் திறன் குறைந்தாலோ, வடிகட்டியைத் தவணைக்கு மாற்றாமல் விட்டாலோ, இழைச் சுவரில் படிவு சேர்ந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் திறன் படிப்படியாகக் குறையும். திடீரென்று நின்றுபோவதைவிட இந்த மெல்லத் தேய்வுதான் ஏமாற்றும்: வால்வுகள் திறக்கின்றன, காற்று ஓடுகிறது, டேங்குக்குப் போவதில் ஆக்சிஜன் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பிரிப்பானிலிருந்து டேங்குக்குப் போகும் காற்றில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சென்சார் இருப்பது இதற்காகவே.

டேங்குக்குப் போகும் குழாயில் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வுகள் இரண்டு வரிசையாக இருக்கும். இவை சிக்கிக்கொண்டு திறந்தே நின்றால் எரிபொருளோ அதன் ஆவியோ சூடான காற்றுக் குழாய்ப் பக்கம் வந்துவிடும். தீயைத் தடுக்க வைத்த சாதனமே தீக்கு வழியாகக்கூடிய ஓர் இடம் இது. சோதனைப் பட்டியலில் இதை அவசரமாகத் தாண்டக் கூடாது. ஆக்சிஜன் மிகுந்த காற்றை வெளியேற்றும் குழாய் உள்ளே எங்காவது கசிந்தாலும் அப்படியே: அந்தக் குறுகிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாதாரணக் காற்றைவிட வேகமாக எரியும்.

போயிங் 737இல் இந்தச் சாதனத்துக்குப் பைலட்டிடம் சுவிட்ச் கிடையாது. எல்லாம் தானியங்கி. அதன் நிலையைக் காட்டும் விளக்குகள் முக்கியச் சக்கரக் குழியில் இருக்கும்: பச்சை என்றால் சரி, நீலம் என்றால் திறன் குறைந்திருக்கிறது, மஞ்சள் என்றால் வேலை செய்யவில்லை. மஞ்சள் எரிந்தாலும் விமானம் அன்றைக்கே நிற்காது. பொதுவாகப் பத்து நாள் வரை அவகாசம் உண்டு. கேட்பவருக்கு இது அலட்சியமாகத் தோன்றலாம். ஆனால் பொறி தடுப்பு முதல் வரிசை, நைட்ரஜன் இரண்டாவது. முதல் வரிசை அப்படியே இருக்கும்போது இரண்டாவதுக்குச் சில நாள் விடுப்பு கொடுக்கலாம் என்பது கணக்கு. விதி சொல்லும் 3 சதவீதத்துக்குள்ளேயே, சாதனம் பழுதாகி நிற்கும் நேரத்தால் வரும் பங்கு 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற தனிக் கட்டும் உண்டு; அதனால் பழுதை இழுத்தடிக்க முடியாது.

போயிங் 787 இதில் தனி ரகம். அதன் இறக்கை கார்பன் நார்க் கலவையால் ஆனது. அலுமினியம் போல வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே இறக்கை டேங்குகளுக்கும் நைட்ரஜன் தேவைப்படுகிறது. அதே நேரம் என்ஜினிலிருந்து காற்று எடுக்கும் குழாயே அந்த விமானத்தில் இல்லை. கேபின் காற்றை மின்சார அமுக்கியில் அழுத்திப் பிரிப்பானுக்கு அனுப்புகிறார்கள்.

ராணுவத்தின் அனுபவம் இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. எஃப்-35 போர் விமானத்திலும் இதே வகை நைட்ரஜன் ஏற்பாடு இருக்கிறது. 2020இல் அதன் ஏ ரகத்தில் நைட்ரஜனைப் பரப்பும் குழாய்கள் சில சேதமடைந்திருப்பதைக் கண்டார்கள். சரிசெய்யும் வரை மின்னல் உள்ள இடத்துக்கு அருகே பறக்க வேண்டாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். இழையும் வால்வும் ஒழுங்காக இருந்தும், குழாய் உடைந்தால் நைட்ரஜன் சேர வேண்டிய அறைக்குச் சேராது.

நைட்ரஜனால் ஆகாதது

டேங்க் உடைந்து எரிபொருள் வெளியே கொட்டினால் இதற்கு அங்கே வேலையில்லை. 2007 ஆகஸ்டில் ஓகினாவாவின் நாஹாவில் சைனா ஏர்லைன்ஸ் 737 ஒன்று வந்து நின்ற பிறகு தீப்பிடித்தது. முன்னிறக்கைத் தகட்டை நகர்த்தும் பகுதியிலிருந்து கழன்ற போல்ட் ஒன்று டேங்கைத் துளைத்திருந்தது. எண்ணெய் தரையில் ஊற்றி வெளியே எரிந்தது. விமானத்தில் இருந்த 165 பேரும் இறங்கித் தப்பினார்கள். அங்கே டேங்குக்குள் எவ்வளவு நைட்ரஜன் இருந்தாலும் பயனில்லை. இந்த ஏற்பாடு தடுப்பது ஒன்றை மட்டும்: அப்படியே முழுதாக இருக்கும் டேங்குக்குள், எங்கிருந்தோ வந்த சிறு பொறியால் வெடிப்பது.

டேங்குக்குள் இறங்கும் ஆள்

பராமரிப்பு மெக்கானிக்குக்கு இது புது ஆபத்தைக் கொண்டுவந்திருக்கிறது. எரிபொருள் ஆவிக்கு வாசனை உண்டு, மூக்கு எச்சரிக்கும். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் தலையை நுழைத்தால், மூச்சுத் திணறல் உணரும் முன்னே நினைவு தப்பிவிடும். உடலுக்கு மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். ஆக்சிஜன் குறைவதை அது அந்தளவு உணராது.

எனவே டேங்கைத் திறப்பதற்கு முன் சாதனத்தின் மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டி எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு வெளிக்காற்றை ஊதி டேங்கை நன்றாகக் காற்றோட்டமாக்க வேண்டும்; அறைகளாகப் பிரிந்திருப்பதால் கடைசி மூலை வரை காற்று போகிறதா என்று பார்ப்பது முக்கியம். பிறகு அளவுமானியைக் குழாயில் கட்டி உள்ளே விட்டு, பல இடங்களில், மேலும் கீழும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 23.5ஐத் தாண்டவும் கூடாது. ஆவி, தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே வேலை நடக்கும்வரை காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அளவுமானியும் உடலோடு இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து திரும்பினால் மறுபடி அளந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வாசலில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் வாசலில் நிற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை உதவிக்கு ஆள் கூப்பிடுவது. மூச்சுக் கருவி மாட்டாமல் தானும் உள்ளே தலையை நீட்டினால், வெளியே எடுக்க வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள்.